கேனான் 5டி மார்க் 4: ஃபோகஸைக் கட்டைவிரலுக்கு மாற்றுவது

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினாலே ஃபோகஸும் ஓடும் என்பது கேமராவோடு வரும் அமைப்பு. கல்யாண மேடையில் ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஃபோகஸ் புதிதாகத் தேடி, மணமக்களை விட்டுப் பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தில் போய் நிற்பது இதனால்தான். படமெடுப்பதையும் ஃபோகஸையும் தனித்தனி பட்டனுக்குப் பிரித்துவிடுங்கள்.

மெனுவில் ஆரஞ்சு நிற கஸ்டம் பகுதிக்குப் போய் 'கஸ்டம் கண்ட்ரோல்ஸ்' திறந்து, ஷட்டர் பாதி அழுத்தத்துக்கு 'மீட்டரிங் ஸ்டார்ட்' (வெளிச்சத்தை அளப்பது) மட்டும் கொடுங்கள். பின்பக்க ஏஎஃப்-ஆன் பட்டனைத் தொட வேண்டாம். அது ஏற்கெனவே ஃபோகஸ் செய்யும். ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) முறையை, நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் ஏஐ சர்வோவில் வையுங்கள். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை ஃபோகஸ் ஆளைத் தொடரும். எடுத்தால் அங்கேயே நிற்கும். முறை மாற்றாமலே தொடர்வது, நிற்பது இரண்டும் கிடைப்பதுதான் இதன் பெரிய லாபம்.

ஆனால் ஃப்ரேமை நகர்த்தினால் வெளிச்சக் கணக்கு மாறும். ஏஎஃப்-ஆனுக்குப் பக்கத்திலுள்ள நட்சத்திரப் பட்டனை அழுத்தி எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) பூட்டிக்கொள்ளுங்கள். மேனுவல் முறையில் இது தேவையில்லை.

ஃபோகஸ் அசையவே இல்லையா? முதலில் லென்ஸின் ஏஎஃப்/எம்எஃப் (ஆட்டோ/மேனுவல் ஃபோகஸ்) சுவிட்ச் ஏஎஃப்-இல் இருக்கிறதா பாருங்கள். செங்குத்து பேட்டரி கிரிப் மாட்டியிருந்தால், அதிலுள்ள பட்டன்கள் வேலை செய்ய அதன் சொந்த சுவிட்ச் ஆனில் இருக்க வேண்டும். கேமராவை வேறொருவர் கையில் கொடுக்கும் முன் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் அத்தனை படமும் மங்கல்.