குறைமாசப் பிள்ளை ஐசியூவுல இருந்தா அப்பனுக்கு என்ன வேலை?

தம்பி, பிள்ளை ஈப்போவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள, நீ சுங்கை சிப்புட்டுல செம்பனை லோரியில. "அம்மாதானே வேணும், நமக்கென்ன வேலை"ன்னு வார்டு வாசல்லயே நின்னுடாதே.

முதல்ல பால். பெண்டாட்டி பத்தியத்துல வீட்டில இருந்தா, பீச்சின பால் உன் கையாலதான் போய்ச் சேரணும். போத்தல்ல அம்மா பேரு, தேதி, மணி எழுதி ஒட்டு. ஐஸ் பெட்டியில உறைஞ்ச ஐஸ் பேக்கை வை. கட்டி ஐஸ் உருகினா எழுத்து அழிஞ்சிடும். ஆரம்பத்துல வர்ற சீம்பால் சொட்டுச் சொட்டாதான் வரும். கொட்டிடாதீங்க, அதுக்கு ஈடு கிடையாது.

குலை ஏத்தின சட்டையோட உள்ளே போகாதே. வாட்ச், மோதிரம், கோயில் கயிறு எல்லாம் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போடு. கயிறைக் கழட்ட மனசு வராது, தெரியும். பாக்கெட்ல வை, சாமி கோவிச்சுக்காது. சளி இருந்தா அன்னைக்குப் போகவே வேணாம்.

தொடும்போது தடவாதே. அந்தத் தோலு தாங்காது, பிள்ளை மிரளும். ஒரு கை தலையில, ஒரு கை பாதத்துல, அசையாம வை. மிஸ்ஸி (நர்ஸ்) சரின்னு சொன்னதும் நெஞ்சோட நெஞ்சா போட்டுக்கிற கங்காரு முறையைக் கேளு. 1970கள் கடைசியில, கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்ச வழி அது. அப்பன் நெஞ்சும் சூடுதான். முன்னால பட்டன் வச்ச சட்டை போட்டுக்க. சாப்பிட்டு, டாய்லெட் போயிட்டு உட்காரு. ஒரு மணி நேரமாவது எழுந்திரிக்கக் கூடாது.

மிஷின் கத்தினா நம்பரைப் பார்க்காதே, பிள்ளையோட நிறத்தையும் மூச்சையும் பாரு. பாதி நேரம் கால்ல ஒட்டின வயர் நழுவியிருக்கும். தினமும் மிஸ்ஸிகிட்ட மூணு கேள்வி: எடை எத்தனை கிராம், பால் எத்தனை மில்லி, மூச்சுக்கு உதவி குறைஞ்சிருக்கா? முதல் வாரம் எடை இறங்கும், பயப்படாதே. சொந்தக்காரங்களுக்குச் சேதி சொல்ற வேலையை மச்சான்கிட்ட விட்டுடு.

லீவு விஷயம்: 2023லிருந்து மலேசியச் சட்டப்படி அப்பாவுக்குச் சம்பளத்தோட 7 நாள், அதுவும் தொடர்ச்சியா. பிரிச்சு வச்சுக்க முடியாது. அதனால வருஷ லீவைத் தொடாம வை. பிள்ளை வீட்டுக்கு வர்ற வாரம்தான் ஆள் பத்தாது.

பிறகு கிளினிக்ல வளர்ச்சியைப் பார்க்கும்போது, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயசை எண்ணச் சொல்லு. "இன்னும் குப்புற விழலையா"ன்னு கேக்குற அத்தைக்கும் அதே கணக்குதான். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படி.