டிஜிட்டல் ஸ்கல்ப்டிங்: தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள் (வரையத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்து)

கணினித் திரையில் களிமண் மாதிரி இழுத்தும் அழுத்தியும் முப்பரிமாண உருவம் செய்வதுதான் டிஜிட்டல் ஸ்கல்ப்டிங். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான்: "எனக்கு வரையவே வராது, பரவாயில்லையா?" பரவாயில்லை. நன்றாக வரைகிறவர்கள் வந்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஃபைலை அடிக்கடி சேவ் செய்யுங்கள், ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்யுங்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இங்கே அவை இல்லை.

"முதலில் ஓவியம், அப்புறம் ஸ்கல்ப்டிங்" என்று தள்ளிப்போடுவது

பென்சிலில் கை பழகட்டும், அப்புறம் வருகிறேன் என்று போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. காகிதத்தில் வரைகிறவர் இல்லாத ஆழத்தைக் கோட்டாலும் நிழலாலும் இருப்பதுபோல் காட்ட வேண்டும். பிளெண்டர், இசட்பிரஷ் போன்ற ஸ்கல்ப்டிங் மென்பொருளில் அந்த வேலை கிடையாது. மூக்கை முன்னால் இழுத்தால் அது முன்னால்தான் நிற்கும். நிழலை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

இங்கே வேண்டியது அளவு பார்க்கிற கண். சுவாமிமலையில் மெழுகில் சாமி உருவம் பிடிக்கிற ஸ்தபதிகள் தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி (சிற்ப சாஸ்திரத்தின் உடல் அளவு முறை) மடித்து வைத்துக்கொண்டு, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்தக் கண் வரைந்தும் வரும், நேரடியாகச் செதுக்கியும் வரும்.

சொந்தமாகக் கதாபாத்திரங்களை உருவாக்க ஆசை என்றால் மட்டும் கொஞ்சம் வரையுங்கள். பத்து யோசனைகளைப் பத்துக் கிறுக்கலில் பார்த்துவிடலாம். பத்துத் தலைகளைச் செதுக்கிப் பார்க்க முடியாது. கிறுக்கல் அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

முன்பக்கத்தைக் காகிதமாக நினைப்பது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது. வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

பென்சிலில் போட்டோ மாதிரி முகம் போடுகிற பையன் ஒருவன். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் தலையைச் செதுக்கி, ரெசினில் (ஒருவகைப் பிளாஸ்டிக்) 3டி பிரிண்ட் எடுத்துத் தருவதாகத் திட்டம். அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாமே நேர்முகம். "பக்கவாட்டில் ஒண்ணு அனுப்பு தம்பி" என்றேன். "முடிச்சுட்டு அனுப்புறேன் சார்" என்றான். பிரிண்டே வந்துவிட்டது. நேராகப் பார்த்தால் அச்சு அசல் அவன் அப்பா. அம்மா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு "யாருடா இது?" என்றாராம். பிரிண்ட் செலவும் ராத்திரி கண் விழித்ததும் போனதுதான் மிச்சம்.

பக்கவாட்டில் அது திருஷ்டிப் பூசணிக்காயில் வரைந்த முகமாக இருந்தது. கண்ணின் இரண்டு ஓரமும் ஒரே ஆழத்தில். நிஜத்தில் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட நன்றாகப் பின்வாங்கியிருக்கும். உதடு தட்டையாக ஒட்டியிருந்தது; உள்ளே பல்வரிசை வளைந்து போகிறது, உதடும் அதன்மேல் வளைந்தாக வேண்டும். காது கன்னத்துக்கு வந்துவிட்டது. அது தலையின் முன்பின் நீளத்தில் பாதியைத் தாண்டித்தான் தொடங்கும். பின்மண்டையைக் காணவே இல்லை. தலை முன்னிருந்து பின்வரை கிட்டத்தட்ட அதன் உயரம் அளவுக்கே நீளம் என்றால் பலர் நம்புவதில்லை. இமைகளை க்ரீஸ் பிரஷ்ஷால் (மடிப்புக்கோடு கீறுகிற கருவி) கோடாகப் போட்டிருந்தான். அதாவது வரைந்திருந்தான்.

இமைக்குக் கோடு வேண்டாம். முதலில் ஒரு உருண்டையை வையுங்கள். விழி கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அதன்மேல் இமையைப் போர்த்துங்கள். தலையைப் பக்கவாட்டிலிருந்தே தொடங்குங்கள், கிராப் பிரஷ் (பிடித்து இழுக்கிற கருவி) மட்டும் போதும். நாலு இழுப்புக்கு ஒருமுறை திருப்புங்கள். மேலிருந்தும், தாடைக்குக் கீழிருந்தும் பாருங்கள். பிளெண்டரின் ஷேடிங் அமைப்பில் லைட்டிங்கை ஃப்ளாட் ஆக்கி, உருவத்துக்கு ஒரே கறுப்பு நிறம் கொடுத்தால் வெளிக்கோடு மட்டும் தெரியும். அந்தக் கறுப்பிலேயே ஆள் அடையாளம் தெரிய வேண்டும்.

ரெஃபரன்ஸ் படமும் கெடுக்கும். முகத்துக்குக் கிட்டே பிடித்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர், பக்கம், முக்கால் என்று எடுங்கள். பிளெண்டரில் உருவம் தெரிகிற சாளரம்தான் வியூபோர்ட். அதன் ஃபோகல் லெங்த் (கேமரா லென்ஸின் குவியத் தூரம் மாதிரி) முதலில் 50 மில்லிமீட்டரில் இருக்கும். முகத்துக்கு 80, 100 என்று கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சரியாகச் செதுக்கினாலும் படத்தோடு ஒத்துவராது, சரியாக இருப்பதையும் கெடுத்துவிடுவீர்கள்.

தோல் துளைகளில் தொடங்குவது

தோல் துளை அளவுக்கு நுணுக்கம் வேண்டுமென்றால் பாலிகன்களை, அதாவது உருவத்தின் மேற்பரப்பில் உள்ள சின்னச் சின்னத் துண்டுகளை, பெருக்க வேண்டும். ஒவ்வொரு சப்டிவிஷனும் (துண்டுகளை மேலும் பிரிப்பது) அவற்றை நாலு மடங்காக்கும். 2,000 பாலிகனில் இருந்து ஐந்து முறை ஏற்றினால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கப்புறம் தாடையை நகர்த்தினால் மேடும் பள்ளமுமாகும். பெரிய வடிவம் முடியும்வரை கீழ் லெவலிலேயே கிடங்கள்.

சிமெட்ரியைக் கடைசிவரை அணைக்காதது

ஒரு பக்கம் செய்வதை மறுபக்கத்திலும் தானாகச் செய்கிற வசதி அது. அணையுங்கள். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இல்லை.

மவுஸில் செதுக்குவது

மவுஸுக்குக் கை அழுத்தம் தெரியாது. அழுத்தத்தை உணர்கிற பேனாவோடு வரும், திரையில்லாத சாதாரணப் பென் டேப்லெட் போதும்; திரையுள்ளதுக்குக் காசைக் கொட்டவும் வேண்டாம்.