ரேஸ் பைக்குக்குப் பழைய ஃபிரேம்: பணம் கொடுக்கும் முன் நம்பரையும் தாளையும் பாருங்கள்

ஃபோர்க், வீல், டேங்க் எல்லாம் உதிரிபாகம். கடை பில் இருந்தால் போதும். ஃபிரேம் அப்படியில்லை. வண்டியின் அடையாளமான சேஸிஸ் நம்பர் அதில்தான் குத்தியிருக்கிறது, ஆர்சி புக்கும் அந்த நம்பரை வைத்துத்தான் இருக்கிறது. வெறும் இரும்புக்கூடு என்று நினைத்து வாங்கினால், திருட்டு வண்டியின் ஃபிரேம் உங்கள் ஷெட்டில் வந்து நிற்கும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியதாக ஆனால் பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 317-இன்படி ஜெயில் தண்டனை வரை போகும்.

முதல் வேலை நம்பரை வாசிப்பது. மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஓடிய வண்டி என்றால், உப்புக்காற்றால் ஹேண்டில் கழுத்தில், அதாவது ஹேண்டில் பொருந்தும் ஃபிரேமின் முன்பகுதியில், குத்திய எழுத்தெல்லாம் துரு ஏறியிருக்கும். அதைப் பார்த்ததும் கம்பி பிரஷ்ஷையோ உப்புத்தாளையோ எடுக்காதீர்கள். எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. அழுத்தித் தேய்த்தால் நம்பர் மங்கிவிடும். பிறகு அழித்தது துருவா, ஆளா என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு ராத்திரி சுற்றி வையுங்கள். காலையில் பழைய பல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் பொடி உதிரும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும். அப்போது போட்டோ எடுங்கள். மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து மூன்று பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வண்டிகளில் 17 எழுத்து இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம். 8-ஐ பி என்றும், 5-ஐ எஸ் என்றும் தப்பாக வாசிப்பது சகஜம். ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளில் நம்பர் சிறியது. ஒரு எழுத்து மட்டும் ஆழம் மாறியிருந்தாலோ, அந்த இடம் அரத்தால் தட்டையாகியிருந்தாலோ, கழுத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, பிரிண்டை ஒரிஜினல் ஆர்சியோடும் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வரும் விவரத்தோடும் ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் ஃபைனான்ஸின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வராமல் முன்பணம்கூடத் தராதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டுத் திருட்டுப் பதிவு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆர்சி உயிரோடு இருந்தால், பெயர் மாற்றாதவரை பழைய உரிமையாளர்தான் சட்டப்படி பொறுப்பு. முழு வண்டியாக வாங்கினால் பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிவிடலாம். மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வெறும் ஃபிரேமை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. பிரித்துப்போட்ட, இனி ஓடாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-இன்படி ஆர்சியை ரத்து செய்யச் சொல்லுங்கள். ரத்துக் கடிதத்தின் நகல் கைக்கு வந்த பிறகு ஃபிரேமை ஏற்றுங்கள். அந்த ஃபிரேம் ரேஸ் டிராக்குக்கு மட்டும்தான். தனுஷ்கோடி நேர்ரோட்டில் ஒரு சோதனை ஓட்டம்கூடக் கூடாது. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டப் பிரிவு 39 தடை செய்கிறது.

விற்பனைக் கடிதத்தில் முழு சேஸிஸ் நம்பர், பழைய பதிவு எண், தேதி, தொகை, "ஃபிரேம் மட்டும், என்ஜின் சேராது" என்ற வரி, இரு சாட்சிகள் கையெழுத்து, விற்பவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் இருக்கட்டும். பென்சில் பிரிண்டை அதே தாளில் ஒட்டி, பிரிண்ட் மேல் பாதி, தாள் மேல் பாதி விழும்படி விற்பவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் பழைய வண்டியின் சேஸிஸ் நம்பரை, வாங்கிய ஃபிரேமில் குத்தவே குத்தாதீர்கள். இதில் பொருத்தும் உங்கள் என்ஜினின் நம்பர் பழைய வண்டியின் ஆர்சியில் இருப்பதால் அதன் நகலையும் ஃபைலில் சேருங்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கோவை டிராக்குக்கோ வண்டியை டாடா ஏஸில் ஏற்றும்போது இந்த ஃபைல் டிரைவர் கையில் இருக்க வேண்டும். பவுடர் கோட்டிங் கொடுக்கும் முன் நம்பர் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சு குழியை நிரப்பி எழுத்தை மூடிவிடும். டேப்பை எடுத்ததும் அந்த வெற்று இரும்பில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், மறுபடி உப்பு பிடிக்காது.