மட்டக்களப்பு வாவியில் தோணி பார்க்க வருவோர் விடும் பிழைகள்

காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்துக்கு வருவதுதான் பெரும்பாலானோர் விடும் பிழை. இரவு போட்ட வலையை விடிய முன்னரே இழுத்து, மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டிருப்பார்கள். பத்து மணிக்கு மிஞ்சியிருப்பது வெயில்தான். கிழக்கு வெளுக்கும்போதே பாலத்தில் நின்றுவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை, கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், இது இன்னும் முக்கியம். வெயிலோடு காற்றும் ஏறும், வாவி அலையெடுக்கும், விளிம்பு தாழ்ந்த சிறு தோணிகள் தண்ணீர் அள்ளுமென்று கரை ஒதுங்கிவிடும்.

அடுத்தது வெளிச்சம். காலையில் எழுவான்கரைப் பக்கம், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், கல்லடியில் நின்று மேற்கே பாருங்கள். மாலையில் எதிரே புளியந்தீவுக் கரையிலிருந்து கிழக்கே. மாறி நின்றால் தோணியும் ஆளும் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். தொலைநோக்கி 8 மடங்கு போதும். அதற்கு மேலே போனால் பாலத்தில் வாகனம் ஓடும்போதெல்லாம் காட்சி நடுங்கும்.

போட் ஏன் நேரே வராமல் வளைந்து வளைந்து வருகிறதென்று கேட்பவர்கள் தண்ணீரில் நிற்கும் கம்புகளைக் கவனிப்பதில்லை. அவற்றில் வலை கட்டியிருக்கும். வாடகைப் போட்டில் போகும்போது "குறுக்கால விடுங்கோ அண்ணே" என்று ஓட்டுநரை அவசரப்படுத்துவதும் இதனால்தான் பிழை: வலை கிழியும், இயந்திர விசிறியிலும் சுற்றும்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை வாசல் வழியே மட்டும் பார்த்துத் திரும்புவதும் குறைதான். நீர்வழியைக் காக்கக் கட்டிய இடம் அது. தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அது ஏன் அங்கே நிற்கிறதென்று விளங்கும்.

பழைய குறிப்பை நம்பி 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏற மண்முனைத் துறைக்குப் போகாதீர்கள். அங்கே 2014இல் பாலம் திறந்தாயிற்று. மோட்டார் சைக்கிளும் ஆட்களுமாகப் படுவான்கரைக்கு, மேற்குக் கரைக்கு, கடக்கும் பாதையைப் பார்க்கக் குருமண்வெளிக்குப் போங்கள், அக்கரை மண்டூர். ஏறினால் ஓரத்தில் கூடி நிற்கக் கூடாது. எல்லோரும் படமெடுக்க ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து. வெள்ள காலத்தில் ஓட்டம் நிற்கலாம், துறையடியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் பாடுமீன் ஓசையைக் கேட்க நிலவு இரவில் போவோர் இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருப்பார்கள். அதை நிறுத்தி, சவளின் (துடுப்பின்) ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வையுங்கள். காற்றடிக்கும் இரவென்றால் அந்தச் செலவே வேண்டாம்.