மின்சாரக் கட்டமரான் எவ்வளவு வேகம் போகும்? நீங்களே கணக்கிடலாம்

படகில் மின்மோட்டார் பொருத்த விரும்பும் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் வேண்டும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் அளக்க வேண்டியது படகின் உடலை, அதாவது தண்ணீரில் மிதக்கும் கூட்டை. கட்டமரான் என்பது இத்தகைய இரண்டு உடல்களை இணைத்த படகு.

படி 1: நீர்க்கோட்டு நீளம்

வழக்கமான சுமை முழுவதையும் ஏற்றிய பிறகு, படகு தண்ணீரைத் தொடும் முன்நுனியிலிருந்து பின்நுனிவரை அளந்துகொள்ளுங்கள். மேல்தளத்தின் நீளம் இங்கே பயன்படாது.

படி 2: உடல் வேகம்

அந்த நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்குங்கள். 9 மீட்டர் என்றால் 3 × 2.43, அதாவது சுமார் 7.3 நாட். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.)

இந்த வேகத்தைத் தாண்டுவது ஏன் கடினம்? படகு எழுப்பும் அலை படகின் வேகத்திலேயே கூடவே வருகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையும் நீள்கிறது. அலை படகளவு நீளும்போது முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவே பள்ளம். இன்னும் விரைந்தால் பின்பகுதி பள்ளத்தில் அமிழ, படகு தன் அலையின் மீதே ஏற வேண்டியதாகிவிடும். அகன்ற ஒற்றையுடல் படகுகள் திணறுவது இங்கேதான்.

படி 3: ஒல்லித்தன்மை

ஓர் உடலின் நீர்க்கோட்டு நீளத்தை அதன் நீர்க்கோட்டு அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மகிழுங்கள். அத்தகைய உடல் எழுப்பும் அலை மிகச் சிறியது என்பதால், படி 2இல் வந்த எண் அதற்குச் சுவர் அல்ல.

ஆனால் இரண்டு உடல்கள் என்றால் நனையும் பரப்பும் அதிகம். மெதுவாகப் போகும்போது உராய்வே பெரிய தடை. அங்கே கட்டமரானுக்குச் சலுகை எதுவும் இல்லை. எடையும் அப்படித்தான்: ஒல்லியான உடல் சுமைக்குச் சட்டென்று அமிழும். பேட்டரி உட்பட ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டு ஏற்றுங்கள். இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன்.

படி 4: தண்ணீரில் சோதனை

காற்றில்லாத நாளில் ஒரே பாதையில் போய்த் திரும்பி, ஜிபிஎஸ் வேகத்தையும் மோட்டார் எடுக்கும் வாட்டையும் குறித்துச் சராசரி காணுங்கள். வாட்டை நாட்டால் வகுத்தால், ஒரு கடல் மைலுக்கு எத்தனை வாட்மணி செலவாகிறது என்று தெரிந்துவிடும்.

தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக உயரும். 6 நாட்டுக்கு 4 கிலோவாட் எடுக்கும் படகுக்கு 4 நாட்டில் சுமார் 1.2 கிலோவாட் போதும். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 8 கிலோவாட்மணி என்றால், முதல் வேகத்தில் 12 கடல் மைல், இரண்டாவதில் 27. இரண்டு நாட் விட்டுக்கொடுத்ததற்கு இரு மடங்குக்கும் மேலான தூரம்!

31 மீட்டர் நீளமுள்ள 'பிளானட்சோலார்' கட்டமரான் 2012 மே மாதம் சூரிய ஒளியால் மட்டுமே உலகைச் சுற்றி முடித்தது. படி 2இன் சூத்திரப்படி அதற்கு 13 நாட்டுக்கு மேல் வரும். அது பயணித்ததோ சுமார் 5 நாட்டில்.

படி 5: மோட்டார்

இப்போது கிலோவாட்டுக்கு வரலாம். நீங்கள் தேர்ந்த பயண வேகத்துக்கான திறனோடு, எதிர்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லர் இடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரியதாகவும், மெதுவாகச் சுழல்வதாகவும் இருக்கட்டும்.