ஃப்ளெட்சர் வகை நாசகாரியைப் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க நாசகாரிக் கப்பலின் (டெஸ்ட்ராயர்) படம் கிடைத்தால் எல்லோரும் முதலில் முன்முனையில் இருக்கும் எண்ணைத்தான் தேடுவார்கள். அது பல படங்களில் தெரியாது, சிலவற்றில் தணிக்கைக்காரர்களே அழித்திருப்பார்கள். கப்பலின் உருவத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் மேல்தளத்தின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் ஒரு படி கீழே இறங்கினால் அது முந்தைய பென்சன் அல்லது க்ளீவ்ஸ் வகை. முன்னிருந்து பின்வரை ஒரே கோடாக ஓடி, இரண்டு புகைபோக்கியும் இருந்தால் ஃப்ளெட்சராக இருக்கலாம். (நான்கு புகைபோக்கி என்றால் முதல் உலகப் போர்க் காலத்து வடிவம், விட்டுவிடுங்கள்.) அப்புறம் பீரங்கிக் கூண்டுகளை எண்ணுங்கள். ஒற்றைக் குழல் கூண்டு ஐந்து, முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்றால் சந்தேகமே வேண்டாம், ஃப்ளெட்சர்தான். இரட்டைக் குழல் கூண்டு மூன்று இருந்தால் பிறகு வந்த சம்னர் அல்லது கியரிங் வகை. புகைபோக்கிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் கியரிங்.

புகைபோக்கி ஏன் இரண்டு, அதுவும் தள்ளித் தள்ளி? எனக்குப் பிடித்த இடம் இதுதான். உள்ளே பாய்லர் அறை, எஞ்சின் அறை, மறுபடி பாய்லர் அறை, எஞ்சின் அறை என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள், ஒரு ஜோடி அடிபட்டாலும் மற்றது கப்பலை ஓட்டும். 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அருகே ஜான்ஸ்டன் என்ற ஃப்ளெட்சரில் அதுதான் நடந்தது. தன் பத்து டார்பிடோக்களையும் (நீருக்கடியில் பாயும் குண்டுகள்) விட்டு குமானோ என்ற ஜப்பானியக் குரூஸரின் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்) முன்முனையைப் பிய்த்த பிறகு, பெரிய குண்டுகள் விழுந்து பின்பக்க எஞ்சின் போனது, வேகம் மணிக்கு 17 கடல் மைலாகச் சரிந்தது, ஆனாலும் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ் திரும்பி வந்து சண்டை போட்டார். அன்றே கப்பல் மூழ்கியது, அவரும் திரும்பவில்லை.

சரி, கடைசியாக டார்பிடோ குழாய்கள். ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதி இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதா? பெரும்பாலும் 1945 படம். காமிகாசே என்ற ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானங்களைச் சுட 40 மி.மீ. பீரங்கிகளுக்கு இடம் வேண்டும் என்று சில கப்பல்களில் ஒரு தொகுதியைக் கழற்றினார்கள்.

மொத்தம் 175 கட்டினார்கள், அதனால் வகை தெரிந்த பிறகும் பெயருக்கு எண் வேண்டும். ஜான்ஸ்டனுடையது 557. 2021இல் 6,400 மீட்டருக்கும் கீழே, கடலடியில் அதன் முன்முனையில் அந்த எண்ணைப் படித்துத்தான் அடையாளம் உறுதி செய்தார்கள்.