கீழே இறங்கும் முன்: குழந்தைகள் ஐசியூவும் மலைப் பெற்றோர் செய்யும் தவறுகளும்

நீலகிரியில் எங்களுக்குக் கோயம்புத்தூர் என்றால் 'கீழே'. "குழந்தையைக் கீழே கொண்டுபோயிருக்காங்க" என்று யாராவது சொன்னால் விஷயம் பெரிதென்று மேற்கொண்டு கேட்காமலே புரிந்துவிடும். நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்தவள். நர்ஸாக வேலை பார்த்த பதினான்கு வருஷமும் கீழேதான், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மேலேயிருந்து வரும் பிள்ளையை ஃபைலைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, நெஞ்சைத் திறந்தால் தைல வாசனை.

அந்தப் பதினான்கு வருஷத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். அவற்றில் பாதி, ஐசியூ கதவுக்கு வெளியே, மலையிலேயே நடந்து முடிந்துவிடுபவை.

பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது

என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய தவறு. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. "இங்க என்ன இருக்கு, நேரா கோயம்புத்தூர் போயிடலாம்" என்று தாய்மாமன் காரை எடுக்கிறார். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல். குன்னூர் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். சீசன் சமயத்தில் ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள். மழையில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ எந்த வழியும் நிச்சயமில்லை. அத்தனை நேரமும் ஆக்ஸிஜன் இல்லாமல், கையில் ஊசி வழி இல்லாமல், அம்மா மடியில் அந்தக் குழந்தை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆக்ஸிஜன் கொடுக்கலாம், நரம்பில் லைன் போடலாம், ரத்தச் சர்க்கரை பார்க்கலாம், வலிப்பை நிறுத்த மருந்து போடலாம். ஐசியூவில் நாங்கள் முதல் பத்து நிமிஷத்தில் செய்வதும் இதையேதான். அதை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிச் செய்வதற்கும் அப்போதே செய்வதற்கும் உள்ள வித்தியாசம், குழந்தைக்கு நாள் கணக்கில் தெரியும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கைகளோடு புது மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. 'மலையில் ஒன்றுமில்லை' என்ற பேச்சுக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

நிலைமை கொஞ்சம் கைக்குள் வந்த பிறகு, ஆக்ஸிஜன் உள்ள ஆம்புலன்ஸில் இறக்கலாம். 108 இலவசம். கிளம்பும் முன் கீழே எந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஐசியூ படுக்கை காலி என்று மேலே உள்ள டாக்டரையே போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குக் 'கீழே' என்பது சில நேரம் சுல்தான் பத்தேரி, சில நேரம் கோழிக்கோடு, மைசூர். படுக்கை இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்ந்து வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் ஊட்டுவதும் வேண்டாம். ஒருமுறை ஒன்றரை வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். விலா எலும்புகள் உள்ளே இழுத்து இழுத்து வெளியே வருகின்றன. வெறும் வயிறாக இருக்கிறானே என்று மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி ஒரு டம்ளர் பால் கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் தொண்டையில் குழாய் போட வேண்டிய நிலை. வயிறு நிறையப் பால். அது மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் வந்த நோயைவிடப் போட்ட நோய் பெரிதாகிவிடும். மூச்சுக்குத் திணறுகிற குழந்தைக்கு, டாக்டர் பார்க்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம். பசி பொறுக்கும்.

ஸ்வெட்டருக்கு மேலே மூச்சைப் பார்ப்பது

சட்டையைத் தூக்கிப் பாருங்கள். குளிரும்தான், ஒரு நிமிஷம் பரவாயில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு, அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். இத்தனை நேரம் அழுத பிள்ளை துவண்டு அமைதியாகிவிட்டால் 'தூங்கிட்டான்' என்று நிம்மதிப்படவும் வேண்டாம். அது களைப்பின் கடைசிப் படியாக இருக்கலாம்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வந்துவிட்டது. ஊட்டிக் குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். விரலைச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள், நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிட்டு. இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: டிசம்பர், ஜனவரி உறைபனியில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பைப் படுக்கை அறையில் வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஏறினால் ஆக்ஸிமீட்டர் 98, 99 என்றே காட்டும். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜனுக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கும் வித்தியாசம் தெரியாது. காலையில் எழுப்பினால் குழந்தைக்குத் தலைவலி, வாந்தி, மந்தம் என்றால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள். ஆஸ்பத்திரியில் "ராத்திரி கரி போட்டிருந்தோம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மறக்காதீர்கள்.

மறைப்பது

எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, சளி. எங்கள் அம்மா நீலகிரித் தைலத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவியிருக்கிறார். 'சொட்டுத்தானே, எங்க காலத்துல நாங்க குடிக்காததா'. அரை மணி நேரத்துக்குள் வலிப்பு. வலிப்பு நின்ற பிறகும் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று தடவை கேட்டார், "வேற ஏதாவது கொடுத்தீங்களா?" அண்ணி இல்லையென்றாள், அவளுக்குத் தெரியாது. தெரிந்த அம்மா வராந்தாவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று ஊசி தொடங்கி, முதுகுத் தண்டில் நீர் எடுக்கக் கையெழுத்து வாங்குகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். குழந்தையின் வாயருகே குனிந்ததும் எனக்கு வாசனை வந்துவிட்டது. வெளியே போய் "அம்மா, எவ்வளவு?" என்றுதான் கேட்டேன். அப்புறம்தான் அழுதார்.

மறுநாள் குழந்தை எழுந்துகொண்டாள். எங்கள் ஊர்க் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் அந்தச் சின்னப் பாட்டில், குழந்தை விழுங்கினால் வலிப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும். கற்பூரமும் அப்படியே. கைக்குழந்தையின் மூக்கில், தலையணையில், நெஞ்சில் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து கீழே போகிற சொந்தக்காரர்களுக்குத் தைலம் வாங்கிக்கொடுப்பது நம் ஊர் மரியாதை. கொடுங்கள், ஆனால் கைக்குழந்தை உள்ள வீடு என்றால் வர்க்கி வாங்கிக்கொடுங்கள்.

டாக்டர் கேட்பது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. உரை மருந்து கொடுத்தீர்களா, மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா, கட்டிலிலிருந்து விழுந்தானா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். காரட், உருளை, முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தால் எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்! குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயிலும் அதே விதி, வாந்தியில்தான் அது நுரையீரலுக்குப் போகிறது. மருந்தின் அசல் டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டுவாருங்கள். பெயர் தெரிந்து, அதற்கு முறிவு மருந்தும் இருந்தால் அந்த நிமிஷமே தொடங்கலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் திணிப்பது இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் அவசரம்.

காய்ச்சல் பற்றி இரண்டே விஷயம். தேயிலைக் காட்டோரம், புதரோரம் விளையாடுகிற பிள்ளைக்கு ஐந்தாறு நாளாகக் காய்ச்சல் விடவில்லையா? அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். சரியான மருந்து சீக்கிரம் கிடைத்தால் சுலபமாக அடங்கும், தாமதமானால் ஐசியூ. இன்னொன்று டெங்கு. 'ஊட்டியில ஏது கொசு' என்பார்கள். போன வாரம் மேட்டுப்பாளையத்தில் கல்யாணத்துக்குப் போய் வந்தது நினைவிருக்காது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து தொடங்குகிற நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, கைகால் சில்லிடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். நம் ஊரில் கைகால் சில்லிட்டால் குளிர் என்று சாக்ஸ் மாட்டிவிடுகிறோம்.

கதவுக்கு உள்ளே

உள்ளே வந்த பிறகு பெற்றோருக்கு முதல் அதிர்ச்சி, குழந்தை கண்ணைத் திறக்காதது. வெண்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டைக் குழாய் வலிக்கக் கூடாது, இழுத்துவிடவும் கூடாது என்று தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும். கோமா அல்ல. கையை மெத்தென்ற துணியால் கட்டியிருப்பதும் அதற்காகத்தான். முகமும் கையும் ஊதுவது, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால். பெரும்பாலும் உடம்பு தேறத் தேற வடிந்துவிடும். அப்படி ஊதும்போது அரைஞாண் கயிறு இடுப்பை அறுக்கும், வெட்டியாக வேண்டும். ஒரு பாட்டி அந்தக் கறுப்புக் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது அலறுவதில் பாதி, விரல் கிளிப் நழுவியதால். நாங்கள் முதலில் குழந்தையைப் பார்ப்போம், அப்புறம்தான் திரையை. நீங்களும் குழந்தையைப் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நெற்றியைத் தொடுங்கள், பெயர் சொல்லிப் பேசுங்கள், காதில் விழக்கூடும். திருநீறு நெற்றியில் ஒரு கோடு போதும். வாயில் தீர்த்தம் விடாதீர்கள், சொல்லாமல் ஒரு ஸ்பூன் விட்டதில் இருமி நீலமான குழந்தையை நான் தூக்கியிருக்கிறேன். தாய்ப்பால் கொடுக்கும் அம்மா, 'குழந்தைதான் குடிக்கலையே' என்று விட்டுவிடக் கூடாது. மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்சுங்கள். டாக்டர் சரியென்றதும் மூக்குக் குழாய் வழியாக அந்தப் பாலைத்தான் கொடுப்போம். விட்டால் ஒரு வாரத்தில் வற்றத் தொடங்கிவிடும்.

சளி பிடித்த சொந்தக்காரர்கள் வரவேண்டாம். மரியாதைக்கு வருகிறவர்களிடம் நர்ஸ் முடியாது என்று சொன்னதாகச் சொல்லுங்கள், பழியை நாங்கள் சுமந்துகொள்கிறோம்.

டாக்டரிடம் பேச வீட்டில் ஒரே ஆள். காலையில் அப்பா, மதியம் சித்தப்பா, இரவு போனில் துபாய் மாமா என்று மூன்று பேர் கேட்டால் மூன்று பதில் போல இருக்கும். அப்புறம் 'டாக்டர் மாத்தி மாத்திப் பேசுறார்' என்று சண்டை. ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்று என்ன செய்கிறார்கள், தேறுவதற்கு எதை அடையாளமாகப் பார்க்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள். 'பிழைச்சுருமா?' என்ற கேள்விக்கு முதல் நாள் எந்த நேர்மையான டாக்டரிடமும் பதில் இருக்காது.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை உண்டு. ஐந்தாம் நாள் கையிருப்பு தீர்ந்த பிறகு கேட்பார்கள். சேர்த்த அன்றே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் மேலே வீட்டு பீரோவில் இருந்தால் யாரையாவது பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பணத்துக்காக 'எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்' என்று எழுதிக்கொடுக்கும் முன், அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் ஏற்பாடு செய்கிறவர்கள் அதிகம்.

திரும்ப ஏறும்போது

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லாரும் மறக்கிற ஒன்று, உயரம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. நிமோனியாவிலிருந்து தேறிவரும் நுரையீரலுக்குக் கீழே போதுமான ஆக்ஸிஜன் மேலே போதாமல் போகலாம். கீழே உள்ள டாக்டருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்திருக்காது. ஊரைச் சொல்லி, இப்போதே ஏறலாமா என்று கேளுங்கள். ஒரு அப்பா கேட்டார். நான்கு நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். அப்பா முணுமுணுத்தபடி தங்கை வீட்டுக்குப் போனார், தங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் குரல் கம்மியிருக்கும், கால் தள்ளாடும், ராத்திரி அலறி எழுவார்கள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் ஓடுவார்கள். பொறுத்துப் பாருங்கள், குறையாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை ஒரு நகல் எடுத்து, வந்த வாரமே உங்கள் ஊர் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு வாங்கினால் முதலில் பார்க்கப்போவது அவர்தான்.